குதிரைக் காலடியில் ஓர் எழுத்து



போன மாதம் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அம்மா ஒரு பவுன் காசை என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய மாமியாருக்கு மாமியார் காலத்துக் காசு. இரவு முழுக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, மின்ன மின்னக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

“ஏனுங்க சார், இதைக் கடையில போட்டுட்டுப் பேத்திக்குத் தோடு எடுக்கலாம்னு இருக்கறமுங்க. நீங்க பழைய காசெல்லாம் பாக்கறவரு, ஒருக்கா பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நான் முதலில் சொன்னது, “தேய்க்காம கொண்டுவந்திருக்கலாமேம்மா” என்பதுதான். அவர் முகம் வாடிவிட்டது. தங்கத்தைச் சுத்தம் செய்தது ஒரு குற்றமா என்று நினைத்திருப்பார். வாசலில் நின்றுகொண்டு அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். நம் சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் இன்னும் எத்தனையோ பீரோக்களில் இப்படிப்பட்ட காசுகள் மஞ்சள் துணியில் முடிந்து கிடக்கின்றன. உருக்கப் போவதற்கு முன் அவற்றை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இந்தப் பாடத்தை நான் படித்தது எங்கள் வீட்டுச் செலவில்.

நாம் பவுன் என்கிறோம், சிலர் சவரன் என்கிறார்கள். இரண்டும் ஒரே காசின் பெயர்தான். பிரிட்டனில் ஒரு பவுண்டு மதிப்புள்ள தங்க நாணயத்துக்கு சாவரின் என்று பெயர். பவுண்டு பவுன் ஆயிற்று, சாவரின் சவரன் ஆயிற்று. இன்று நகைக்கடையில் ஒரு பவுன் என்றால் 8 கிராம். அந்தக் காசின் எடையோ 7.988 கிராம். 22 காரட், அதாவது 12 பங்கில் 11 பங்கு தங்கம். காசு செல்லாமல் போய் நூறு வருஷம் ஆகப்போகிறது. எடை மட்டும் நம் கல்யாணப் பேச்சில் தங்கிவிட்டது. ‘பொண்ணுக்கு எத்தனை பவுன்?’ என்று கேட்கும் யாரும் லண்டன் நாணயச் சாலையை நினைத்துக்கொண்டு கேட்பதில்லை.

அதற்கு முன் இந்தச் சீமையில் வராகனும் பணமும்தான் தங்கக் காசுகள். 1792 இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தபோது, கர்னல் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலவரிக் கணக்கை வராகனில்தான் எழுதினார்கள். 1818 இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் வந்தது. ஒரு நட்சத்திர வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்று வைத்தார்கள். கணக்கிலிருந்து தங்கம் வெளியேறி வெள்ளி உள்ளே வந்தது. ஆனால் வீட்டுப் பானைக்குள் வெள்ளி போய்த் தங்கத்தின் இடத்தைப் பிடிக்கவே இல்லை.

பவுன் காசு சட்டப்படி நம் நாட்டுக்குள் வந்தது 1899 இல். அந்த ஆண்டுச் சட்டம் அதை இந்தியாவில் செல்லுபடியாகும் பணம் ஆக்கியது. ஒரு பவுனுக்கு 15 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். கஜானாவிலிருந்து வெளியே போகும் காசு கடைவீதியைச் சுற்றிவிட்டு மறுபடி கஜானாவுக்கு வரும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். நம்மவர்கள் வாங்கியவரைக்கும் சரி, திருப்பித் தரவில்லை. பருத்தி விற்ற பணமும் கடலைக்காய் விற்ற பணமும் பவுனாக மாறி அடுப்படி மண்ணுக்குள்ளும் நெல் குதிருக்கு அடியிலும் போய் உட்கார்ந்தன. அப்படி வந்தவற்றில் லண்டன் காசுகள் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தவையும் ஏராளம். அங்கே தங்கச் சுரங்கங்கள் இருந்தன, சிட்னி, மெல்போர்ன், பெர்த் ஆகிய மூன்று ஊர்களில் ராஜாங்க நாணயச் சாலையின் கிளைகள் இருந்தன.

பிறகு முதல் உலகப் போர். இந்தியாவிலிருந்து சணல், கோதுமை, தோல் என்று போருக்கு வேண்டிய பொருள்கள் கப்பல் கப்பலாகப் போயின. அதற்கு ஈடாக இங்கே ரூபாய் கொடுக்க வேண்டும். ரூபாய் அடிக்க வெள்ளி இல்லை. 1918 இல் அமெரிக்கா தன் கருவூலத்து வெள்ளியை விற்க ஒரு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான், கையில் உள்ள தங்கத்தையே காசாக அடிப்பது என்று முடிவாயிற்று. பவுன் அடிக்கும் ஏற்பாடு முடியும் வரை பொறுக்க முடியாமல், பம்பாய் நாணயச் சாலையில் 15 ரூபாய் மோகர் என்று ஒரு காசை முதலில் அடித்தார்கள். எடையும் மாற்றும் பவுனைப் போலவேதான். ஒரு பக்கம் முடி தரித்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் பூவளையத்துக்குள் 15 ரூபாய் என்று ஆங்கிலத்தில் எழுத்து. ஏறத்தாழ 21 லட்சம் காசுகள். அதன்பின் அதே சாலை லண்டன் ராஜாங்க நாணயச் சாலையின் கிளையாகி, 1918 ஆகஸ்டிலிருந்து பவுன் காசையே அடித்தது. ஏறத்தாழ 13 லட்சம். அடுத்த ஆண்டே கிளையை மூடிவிட்டார்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் பவுன் அடிக்கப்பட்டது அந்தச் சில மாதங்கள்தான். அதற்குப் பிறகு 2013 இல், லண்டன் சாலையின் அனுமதியோடு இந்தியாவில் மறுபடி பவுன் அடிக்கும் வரை இடையில் 95 வருஷம்.

இப்போது உங்கள் வீட்டுக் காசை எடுங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசு என்றால் ஒரு பக்கம் இடப்புறம் பார்க்கும் மன்னர் தலை இருக்கும், முடி இருக்காது. மறுபக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ், காலடியில் பறவை நாகம். பெனெடெட்டோ பிஸ்ட்ருச்சி என்ற இத்தாலியர் 1817 இல் செய்த உருவம் அது. குதிரைக்குக் கீழே தரையைக் காட்டும் ஒரு கோடு, அதற்குக் கீழே ஆண்டு. அந்தத் தரைக்கோட்டின் மேல், ஆண்டுக்கு நேர் மேலே, கடுகைவிடச் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்போர்ன், பி என்றால் பெர்த். சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்.ஏ. என்றால் தென்னாப்பிரிக்கா. எழுத்தே இல்லை என்றால் லண்டன். ஐ என்று ஒரு கோடு மாதிரி நின்றால் அது இந்தியா, நம் பம்பாய்.

ஓர் எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 1917 என்று ஆண்டு போட்ட காசு பி எழுத்தோடு இருந்தால் சாதாரணம். அதே ஆண்டு, எழுத்து இல்லாமல் இருந்தால் அது லண்டன் காசு. போர்க் கடனுக்காக வெளியே போய், பெரும்பாலும் உருக்கப்பட்டு, மிஞ்சியது மிகக் கொஞ்சம். உலகெங்கும் சேகரிப்பவர்கள் தேடும் அரிய காசு அது. எடை ஒன்று, மாற்று ஒன்று, படம் ஒன்று. வித்தியாசம், இல்லாமல் போன ஓர் எழுத்து.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் மனைவியின் அம்மாயி 1918 இல் பிறந்தவர். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் ஒரு கிராமம். அவருடைய அப்பாரு வெள்ளாமைப் பணத்தில் பவுன் வாங்கி வாங்கி நாற்பதுக்கு மேல் சேர்த்து வைத்திருந்தாராம். இதற்கிடையில் அரசாங்கம் அந்தக் காசின் மதிப்போடு விளையாடியது. 1920 இல் ஒரு பவுனுக்கு 10 ரூபாய்தான் என்றார்கள். வெளியே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்போது யார் 10 ரூபாய்க்குக் கொடுப்பார்கள்? 1927 இல் பவுன் இனிச் செல்லும் பணமே இல்லை, வேண்டுமானால் 13 ரூபாய் 5 அணா 4 பைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அன்றோடு அது பணம் என்ற நிலையை விட்டு வெறும் தங்கமாயிற்று.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தோடு வைத்திருந்த பிணைப்பை அறுத்துக்கொண்டது. தங்கத்தின் ரூபாய் விலை ஏறியது. அதே நேரத்தில் உலகமெங்கும் மந்தம். விளைச்சலுக்கு விலை இல்லை, ஆனால் கிஸ்தி குறையவில்லை, வட்டி குறையவில்லை. அந்த வருஷங்களில் இந்தியக் கிராமங்களிலிருந்து தங்கம் ஆறாக ஓடிப் பம்பாய் வழியாகக் கப்பல் ஏறியது. சந்தோஷமாக விற்ற தங்கம் இல்லை அது, இக்கட்டில் விற்ற தங்கம். எங்கள் அம்மாயியின் அப்பாருவும் பாதிக் காசை அப்போதுதான் விற்றார். மிச்சம் இருந்த 21 காசுகளை 1934 இல் மகளுக்குச் சீராகக் கொடுத்தார்.

அந்த 21 காசுகளும் முடிச்சில் சும்மா கிடந்தன. அவற்றுக்கு வளையம் வைத்தது 1963 இல். சீனப் போர் முடிந்திருந்தது. மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சர். ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நகை அல்லாத தங்கம் வைத்திருப்பவர்கள் அரசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். நாடு முழுக்க ஆசாரிமார்கள் வேலை இழந்தார்கள், சிலர் உயிரையே விட்டார்கள். ஊரில் பேச்செல்லாம் ஒன்றுதான். காசாக இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும், கழுத்தில் கிடந்தால் நகை.

ஒரு ராத்திரியில், வேலையில்லாமல் இருந்த ஆசாரி ஒருவரை வீட்டுக்குள் வரவழைத்து, 21 காசுகளுக்கும் மன்னர் தலைக்கு மேலே ஒவ்வொரு குமிழ் வளையம் பற்றவைத்துக் கோத்துவிட்டார்கள். விடிந்தபோது அது காசுமாலை. சட்டத்தின் கண்ணில் அது சரியா என்று கேட்டால், அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் நான் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. “அன்னைக்கு ஊதின ஊதுகுழல் சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க மாப்ளே” என்று அம்மாயி என்னிடம் சொல்லியிருக்கிறார். 14 காரட் விதி 1966 இல் போயிற்று. 1968 இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1990 வரை இருந்தது. மாலை மட்டும் மாலையாகவே இருந்தது.

1999 இல் என் பெண்ணுக்குக் கல்யாணம். மாலை என் மனைவிக்கு வந்திருந்தது. இந்தக் காலத்துப் பெண் காசுமாலை போட மாட்டேன் என்றாள், ஆரம் வேண்டும் என்றாள். கடைக்குக் கொண்டுபோனோம். வளையத்தை வெட்டி எடுத்தார்கள். பற்றுப் பொடியில் தங்கம் குறைவு என்று கொஞ்சம் கழித்தார்கள். மிச்சத்தைத் தராசில் வைத்து எடை சொன்னார்கள். நான் காகிதத்தில் பெருக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். முப்பது வருஷம் பில் சரிபார்த்த கை. பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது. பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை என்பது மட்டும்தான் தவறு.

ஒரே ஒரு காசை மட்டும் மனைவி திருப்பி வாங்கிக்கொண்டாள். 1918 என்று ஆண்டு போட்ட காசு. அம்மாயி பிறந்த வருஷம், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்றாள். மற்ற இருபதும் அன்று மாலையே மூசைக்குள் போயிருக்கும்.

ஓய்வு பெற்றபின் பொழுது போகாமல் சேலத்தில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் பழக்கமானார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர், சிறு வயதிலிருந்து காசு சேர்ப்பவர். ஒருநாள் எங்கள் 1918 ஐக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் தந்து, “குதிரைக்குக் கீழ பாருங்க” என்றார். ஐ நின்றது. பம்பாய்க் காசு.

“நல்ல காசுங்க. ஆனா கிரேடு கிடைக்காது” என்றார். வளையம் வெட்டிய இடத்தில் விளிம்பு மழுங்கி, பொடி உருகிய தழும்பு மன்னர் தலைக்கு மேல் இருந்தது.

கிரேடு என்றால் என்ன என்று அன்றுதான் விளக்கமாகக் கேட்டேன். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1949 இல் ஓர் அளவுகோல் சொன்னார். அவர் அதைச் சொன்னது அமெரிக்காவின் பழைய செம்புக் காசுகளுக்கு. அடையாளம் மட்டும் தெரியும் தேய்ந்த காசுக்கு 1, நாணயச் சாலையிலிருந்து அப்படியே வந்தது போன்ற குறையில்லாத காசுக்கு 70. தேய்ந்ததைப் போல 70 மடங்கு விலை பெறும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். விலைக் கணக்கு பிறகு மாறிப்போனது. எண் நிலைத்துவிட்டது. 60 க்கு மேல் என்றால் கைமாறாத காசு. 1986 இல் பி.சி.ஜி.எஸ்., 1987 இல் என்.ஜி.சி. என்று அமெரிக்காவில் இரண்டு நிறுவனங்கள் தொடங்கின. காசை அனுப்பினால் அசலா போலியா என்று பார்த்து, எண் கொடுத்து, கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து முத்திரையிட்டுத் தருகிறார்கள். இன்று உலகச் சந்தையில் அரிய தங்கக் காசுகள் பெரும்பாலும் இப்படிப் பெட்டிக்குள் இருந்தபடியேதான் கைமாறுகின்றன.

தேய்த்துக் கழுவிய காசுக்கும் வளையம் வைத்து எடுத்த காசுக்கும் அவர்கள் எண் கொடுப்பதில்லை. அசல்தான், ஆனால் இன்ன குறை இருக்கிறது என்று மட்டும் எழுதி அடைப்பார்கள். புளி, பூந்திக்கொட்டை, பல்பொடி என்று நம் வீட்டில் தங்கத்துக்குச் செய்யும் உபசாரம் எல்லாம் அவர்கள் கணக்கில் காயம். நூறு வருஷத்துத் தோல் போன்ற மெல்லிய நிறத்தை நாம் ஒரு நாளில் உரித்துவிடுகிறோம். தேய்த்த மயிரிழைக் கோடுகள் பூதக்கண்ணாடியில் துல்லியமாகத் தெரியும். மூன்றாவது வீட்டு அம்மாவைப் பார்த்து நான் பதறியது இதனால்தான்.

ஆசாரி கேட்பது, எடை என்ன, மாற்று என்ன என்று. சேகரிப்பவர் கேட்பது, அச்சிலிருந்து வந்தபின் இந்தக் காசு எதை எதை இழந்தது என்று. முதல் கேள்விக்கு உரைகல்லும் தராசும் போதும். இரண்டாவது கேள்விக்குக் காசு அப்படியே இருக்க வேண்டும்.

அப்படியானால் அம்மாயி செய்தது காசைக் கெடுத்த வேலையா? இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். விடை கிடைத்தது புதுக்கோட்டைப் புதையலைப் பற்றிப் படித்தபோது.

1898 இல் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சி என்ற ஊரில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த ஜி. எஃப். ஹில் அந்த ஆண்டே அவற்றைப் பற்றி எழுதினார். டைபீரியஸ், கிளாடியஸ், நீரோ என்று முதல் நூற்றாண்டுச் சக்கரவர்த்திகள். அதில் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் தலை மேல் குறுக்கே ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. உள்ளேயும் தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பார் உண்டு. இது இனிப் பணம் இல்லை, பொன் என்று காட்ட வெட்டினார்கள் என்பாரும் உண்டு. எதுவானாலும், ரோமாபுரி அரசனின் முகத்துக்கு நம் முன்னோர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். தென்னிந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளில் துளையிட்டவையும் வளையம் வைத்தவையும் உண்டு. காசுமாலைக்கு வயது ஈராயிரம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மிளகும் முத்தும் வாங்க வந்த தங்கம் அது. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் அப்போதே அங்கலாய்த்தார். நம் பக்கத்துக் கரூர் ஆற்றுமணலில் ரோமானியக் காசுகள் கிடைத்தது பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு ஆச்சரியமான செய்தி எடைதான். அகஸ்டஸ் காலத்து ரோமானியத் தங்கக் காசு ஏறத்தாழ 7.8 கிராம். கிட்டத்தட்ட நம் ஒரு பவுன். கி.பி. 64 இல் நீரோ எடையைக் குறைத்தபோது 7.3 கிராம் ஆயிற்று. எடை பார்த்து வாங்கும் நம் ஊர் வியாபாரி அந்த வித்தியாசத்தை விட்டிருப்பாரா?

ஆகவே அம்மாயி புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. இந்த மண்ணில் காசு எப்போதும் எடைதான், முகம் இல்லை. அந்த வழக்கம்தான் 1931 இல் கிஸ்தி கட்டியது, 1999 இல் என் பெண்ணுக்கு ஆரம் போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் ஒன்று. புதுக்கோட்டைக் காசுகளை வெட்டினார்களே தவிர உருக்கவில்லை. அதனால்தான் நாம் இன்று அவற்றைப் படிக்கிறோம். வெட்டுப்பட்ட காசுக்கும் வாய் உண்டு. உருக்கிய காசு ஊமை.

இன்னொரு காசும் என்னிடம் உண்டு. அப்பா வழியில் நான் நாமக்கல் பக்கம் என்றாலும், அம்மா வழியில் புதுச்சேரி. பள்ளிப் படிப்பும் அங்கே பிரெஞ்சில். சைகோனில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு தாத்தா, பாட்டிக்குக் கொடுத்த 20 பிராங்க் தங்கக் காசு எனக்கு வந்தது. ஒரு பக்கம் மரியான் தலை, மறுபக்கம் சேவல். 6.45 கிராம், ஆயிரத்துக்கு 900 பங்கு தங்கம். ஆண்டு 1908. சிறு வயதில் அதன் விளிம்பைச் சுற்றி எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக்காட்டினால் பாட்டி மிட்டாய் தருவார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். 1906 வரை அடித்த சேவல் காசுகளில் அந்த இடத்தில் ‘கடவுள் பிரான்சைக் காக்கிறார்’ என்று இருந்தது. 1905 இல் சர்ச்சையும் அரசையும் பிரித்துச் சட்டம் போட்டார்கள், 1907 காசிலிருந்து கடவுள் விளிம்பைவிட்டு இறங்கிவிட்டார். சரித்திரப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம், காசில் ஒரு மில்லிமீட்டர் விளிம்பு.

இந்தக் காசில் வளையம் இல்லை, யாரும் தேய்க்கவும் இல்லை. செவ்வாய்ப்பேட்டை நண்பரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, “தாத்தா எப்போ திரும்பினார்?” என்று கேட்டார். 1953 என்றேன். “அப்போ இது அறுபது வருஷக் காசாகவும் இருக்கலாம்” என்றார். விஷயம் இதுதான். 1951 முதல் 1960 வரை பிரான்சில் 1907 முதல் 1914 வரையிலான பழைய ஆண்டுகளைப் போட்டே சேவல் காசுகளை மறுபடி அடித்தார்கள். லண்டனும் சளைத்ததல்ல. 1925 என்று போட்ட பவுனை 1949 இலும் 1951, 1952 இலும் அடித்தது. இவை தவிர, 1950களில் பெய்ரூட் போன்ற இடங்களில் தனியார் அடித்த போலிப் பவுன்களும் உண்டு. அவற்றிலும் தங்கம் இருக்கும், ஆனால் காசு பொய். பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே நம்பக் கூடாது என்பது அலுவலகத்தில் எனக்குத் தெரியும். காசுக்கும் அப்படித்தான் என்பது அன்று தெரிந்தது. கிரேடிங் நிறுவனங்களால் நமக்கு உண்மையான பயன் அந்த எண்ணைவிட, அசல் எது என்று சொல்வதுதான் என்பேன்.

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசு தொல்பொருள். வீட்டில் பரம்பரையாக வந்ததை வைத்திருக்கத் தடையில்லை. ஆனால் தனி மனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. எங்கள் பம்பாய்க் காசு 2018 இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் உள்ள பேரனிடம் கொடுத்து எண் வாங்கி வரச் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு. 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுக் காசுக்கு நான் சொல்லும் யோசனை எளிது. தேய்க்காதீர்கள், விளிம்பைப் பிடித்தே எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். புதிதாக வளையம் வைக்காதீர்கள். இருக்கிற வளையத்தை வெட்டவும் வேண்டாம், வெட்டினாலும் தழும்பு போகாது. எங்கிருந்து, யார் மூலம் வந்தது என்று உறையின் மேல் எழுதுங்கள். விற்பதற்கு முன் ஆண்டையும் எழுத்தையும் பாருங்கள். பத்தில் ஒன்பது காசு எடைக்கு மேல் பெரிதாக எதுவும் பெறாது. அந்தப் பத்தாவது எது என்று பார்க்காமல் தெரியாது.

மூன்றாவது வீட்டு அம்மாவின் காசு 1915, எழுத்து பி. பெர்த். ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் தோண்டி எடுத்து, இந்துமாக் கடலைத் தாண்டி, இராசிபுரம் சந்தை வழியாக எங்கள் தெருவுக்கு வந்த தங்கம். சாதாரணக் காசுதான், தேய்த்ததால் விலையில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. தாராளமாகத் தோடு எடுங்கள் என்றேன். அவர் கிளம்பும் முன் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லி என் நோட்டை எடுத்தேன்.

அது ஒரு நீளமான கணக்கு நோட்டு. அலுவலகப் பதிவேடு மாதிரியே கோடு போட்டிருக்கிறேன். வரிசை எண், தேதி, ஆண்டு, எழுத்து, எடை, வளையம் உண்டா, எந்த ஊர் வழி வந்தது, என்ன ஆயிற்று. கடைக்குப் போகும் வழியில் என்னிடம் காட்டப்படும் ஒவ்வொரு காசையும் அதில் ஏற்றிவிடுகிறேன். பெயர் எழுதுவதில்லை. கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ‘உருக்கியாயிற்று’ என்றுதான் இருக்கும். ஐ எழுத்துக் காசு இதுவரை இரண்டே வந்திருக்கின்றன. ஒன்று எங்களுடையது.

முதல் இருபது வரிகளை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். அவை 1999 இல் நான் பார்க்காமல் கொடுத்தவை.